ஓசூரிலிருந்து எம்15 வரை: கீழ்மட்ட டென்னிஸ் டூரில் ஆட நினைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயது ஆகும்போது பெற்றோர்கள் கோர்ட் ஓரத்தில் வந்து நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், இதையே தொழிலா எடுத்துக்கலாமா?" எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டிவியில் பார்க்கும் விம்பிள்டனுக்கும் உங்கள் பிள்ளை முதலில் ஆடப்போகும் டோர்னமென்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் கிடக்கின்றன. ஆண்டுக்கு எத்தனை வாரம் பணக் கவலை இல்லாமல் ஆட முடிகிறது என்பதுதான் அந்த ஆண்டுகளில் ஒருவர் நிலைப்பாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. நல்ல ஃபோர்ஹேண்ட் உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முப்பது வாரம் ஆடக்கூடியவர்கள் குறைவு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து, ஒரு பயிற்சியாளராக எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் படிநிலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆண்களுக்கு அடிப்படையில் இருப்பது ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) நடத்தும் வேர்ல்டு டென்னிஸ் டூர். அதில் எம்15, எம்25 என்று இரண்டு வகை. எம்15 என்றால் மொத்தப் பரிசுத்தொகை 15,000 டாலர். எம்25-இன் பெயரில் 25 இருந்தாலும் தொகை இப்போது 30,000 டாலர். அதற்கு மேல் ஏ.டி.பி. (ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்களின் அமைப்பு) நடத்தும் சேலஞ்சர்: 50, 75, 100, 125, 175 என்று ஐந்து வகை. அங்கே எண் குறிப்பது பணத்தை அல்ல, சாம்பியனுக்குக் கிடைக்கும் ரேங்கிங் பாயிண்டை. அதற்கும் மேலேதான் ஏ.டி.பி. டூரும் கிராண்ட்ஸ்லாமும். பெண்களுக்கு டபிள்யூ15, 35, 50, 75, 100 என்று ஏறி, பெண்கள் அமைப்பான டபிள்யூ.டி.ஏ.வின் 125-க்குப் போகும்.

ஒரு எம்15 பட்டத்தை ஜெயித்தால் 15 பாயிண்ட். ஃபைனலில் தோற்றால் 8, செமியில் 4, காலிறுதியில் 2. முதல் ரவுண்டை ஜெயித்து அடுத்ததில் தோற்றால் 1. முதல் ரவுண்டிலேயே தோற்றால் ஒன்றுமில்லை. வாங்கிய பாயிண்ட் 52 வாரத்தில் கழிந்துவிடும். அதாவது, போன வருஷம் இதே வாரத்தில் எடுத்ததை இந்த வருஷம் மறுபடி எடுக்காவிட்டால் ரேங்க் இறங்கும்.

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் மெயின் டிராவில் (முக்கியச் சுற்றில்) ரேங்கை வைத்து நேராக நுழைபவர்கள் ஏறக்குறைய 104 பேர். அடுத்த 128 பேர் அதில் இடம் பிடிக்கக் குவாலிஃபையிங் (தகுதிச் சுற்று) ஆடுவார்கள். நம் தமிழ்நாட்டின் ராம்குமார் ராமநாதன் 2018-இல் 111-ஆவது இடம் வரை போனார். உலகத்தில் 111-ஆவது ஆள்! அந்த இடத்தில் இருந்தாலும் நேர் நுழைவு பெரும்பாலும் கிடைக்காது. பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019-இல் 75-ஐத் தொட்டார். முழங்கால் காயங்களால் பல வருஷங்களை இழந்தபின் வந்த ரேங்க் அது. இந்த இரண்டு பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். எட்டக்கூடிய உயரமும் அதன் விலையும் இரண்டிலும் தெரியும்.

2. பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரை

அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் (ஏ.ஐ.டி.ஏ.) பதிவு எண் வாங்குவதுதான் தொடக்கம். 12, 14, 16, 18 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுகளில் ஆட அந்த எண் வேண்டும். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் பெயரிலும் தேதியிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும். நம் பக்கம் இனிஷியல் பிரச்சினை அதிகம். பின்னால் பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரு மாதிரியும், ஐ.டி.எஃப். பதிவில் வேறு மாதிரியும் இருந்தால் டோர்னமென்ட் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

13 வயதானால் ஐ.டி.எஃப். ஜூனியர் ஆடலாம்: ஜே30-இல் தொடங்கி ஜே500 வரை. தேசிய அளவில் தன் வயதுப் பிரிவில் தொடர்ந்து காலிறுதிக்கு வராத பிள்ளையை ஜே30-க்காக வெளிநாட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இந்தியாவிலேயே ஜே30, ஜே60 நடக்கும். அதில் ஆடி நிலைமையைப் பாருங்கள்.

3. எங்கே பயிற்சி எடுப்பது

நம் மாவட்டங்களுக்கு இருக்கும் பெரிய வசதி பெங்களூரு. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். தருமபுரியிலிருந்து ஓசூர் வழியாக ரயில் உண்டு. கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் இல்லை, பஸ்தான். வாரநாட்களில் உள்ளூரில் உடற்பயிற்சியும் செர்வ் பயிற்சியும், சனி ஞாயிறில் பெங்களூரில் பலமான ஆட்டக்காரர்களோடு மேட்ச் என்று வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. பதினைந்து வயது வரை இந்த ஏற்பாடு போதும். அதற்குப் பிறகு தினமும் தன்னைவிட நன்றாக ஆடும் இரண்டு பேராவது எதிரில் நிற்க வேண்டும். அது உள்ளூரில் அமையாவிட்டால் பெங்களூருக்கோ சென்னைக்கோ மாறுவதைத் தள்ளிப்போட வழியில்லை.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஓசூரும் பெங்களூரும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். காற்று கொஞ்சம் லேசு, பந்து வேகமாகப் பறக்கும், செர்வ் சுலபமாக ஏஸ் ஆகும். அதே பிள்ளை சென்னை நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பந்து கனத்துப்போகும். ஒரு பாயிண்டுக்கு மூன்று அடி அதிகம் அடிக்க வேண்டும், சட்டை முதல் செட்டிலேயே நனைந்துவிடும். "இங்க நல்லாத்தானே ஆடினான், அங்க என்ன ஆச்சு?" என்று அப்பாக்கள் குழம்புவது இதனால்தான். ஓசூரில் கட் (ராக்கெட் நரம்பு) போடும் டென்ஷனைவிடச் சென்னைக்கு ஒன்றிரண்டு பவுண்டு குறைத்துப் போடுங்கள். முடிந்தால் இரண்டு நாள் முன்னாலேயே போய் அங்கே ஆடிப் பழகுங்கள். மாதம் ஒரு முறை கீழே இறங்கி, தருமபுரி வெயிலில் ஆடிப் பார்ப்பதும் உதவும்.

4. பதினேழு வயதில் வரும் முடிவு

இந்த வழிகாட்டியில் இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பிளஸ் டூ முடியும் நேரத்தில் இரண்டு பாதை பிரிகிறது: நேராக டூர், அல்லது அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ்.

அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஸ்காலர்ஷிப்போடு ஆடினால் படிப்பு, கோர்ட், பயிற்சியாளர், பிசியோ, மேட்ச் எல்லாம் கல்லூரிச் செலவில் நடக்கும். ஸ்காலர்ஷிப் முழுதாகவும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம். சோம்தேவ் தேவ்வர்மன் விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் தேசியக் கல்லூரிப் பட்டத்தை ஜெயித்து, பிறகு டூரில் 62-ஆவது ரேங்க் வரை போனார். மதுரைக்காரரான தக்ஷிணேஸ்வர் சுரேஷ் அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடிக்கொண்டிருந்தபோதே 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் அறிமுகமாகி, சுவிட்சர்லாந்தின் ஜெரோம் கிம்மைத் தோற்கடித்தார். சென்னைக்கு வெளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் தேவையில்லை.

அசாதாரணமான ஜூனியர் ரேங்க் இல்லாதவர்களுக்குக் கல்லூரிப் பாதைதான் நல்லது என்று நான் நினைக்கிறேன். இருபத்திரண்டு வயதில் உடம்பும் முழுதாக வளர்ந்திருக்கும், கையில் பட்டமும் இருக்கும். டூருக்குப் போய்ச் சரிவராவிட்டாலும் வாழ்க்கை நிற்காது. இதற்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மார்க் முக்கியம், ஆங்கிலம் முக்கியம். பயிற்சிக்காகத் திறந்தநிலைப் பள்ளிக்கு மாறுவதற்கு முன், அந்தப் பாடங்கள் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு விதிகளின்படி செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி முடித்தபின் சேராமல் நாள் கடத்தினால் ஆடக்கூடிய ஆண்டுகள் குறையக்கூடும். பரிசுப்பணம் வாங்குவதற்கும் விதிகள் உண்டு, அவை மாறிக்கொண்டும் இருக்கின்றன. கல்லூரியிடமே எழுத்தில் பதில் வாங்கிவையுங்கள்.

ஏஜென்ட் வைத்தால்தான் இடம் கிடைக்கும் என்பது உண்மை இல்லை. மேட்ச் வீடியோ, ரேங்க், மார்க் மூன்றையும் சேர்த்து அந்தக் கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு நேராக இமெயில் அனுப்பலாம். பதில் எழுதுவார்கள்.

5. பதிவும் என்ட்ரியும்

டூர் என்று முடிவாகிவிட்டதா? சரி. ஐ.டி.எஃப். இணையதளத்தில் ஐபின் என்ற ஆட்டக்காரர் எண்ணை எடுக்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் உண்டு. புரொஃபஷனல் டோர்னமென்ட் ஆடக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும். சின்ன வயதில் ஆண்டுக்கு எத்தனை ஆடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

டோர்னமென்ட் தொடங்கும் திங்கட்கிழமைக்கு இரண்டரை வாரம் முந்தைய வியாழக்கிழமை மாலையோடு என்ட்ரி முடியும். ஒரே வாரத்துக்குப் பல டோர்னமென்ட்களில் முன்னுரிமை வரிசை போட்டுப் பெயர் கொடுக்கலாம். பட்டியல் வந்ததும் மெயின் டிரா, குவாலிஃபையிங், ஆல்டர்னேட் (காத்திருப்போர் பட்டியல்) இவற்றில் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். விலகுவதற்கென்று தனிக் கெடு இருக்கிறது. அது தாண்டிய பிறகு வராமல் இருந்தால் அபராதம் விழும். கெடு முடியும்வரை திரும்பப் பெற முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

உலக ரேங்க் எதுவும் இல்லாத புதியவருக்குத் தேசிய ரேங்க்தான் கதவைத் திறக்கும். அதனால் ஏ.ஐ.டி.ஏ. ஆண்கள், பெண்கள் டோர்னமென்ட்களை அலட்சியமாக விடாதீர்கள். இந்தியாவில் நடக்கும் ஐ.டி.எஃப். வாரங்களில் வைல்டு கார்டு (அமைப்பாளர்கள் தரும் சிறப்பு நுழைவு) கிடைக்கவும் அந்த ரேங்க் உதவும்.

6. பணக் கணக்கு

டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எம்15 ஒற்றையரில் சாம்பியனுக்கு 2,160 டாலர், அதாவது சுமார் 1.84 லட்சம் ரூபாய். மெயின் டிரா முதல் ரவுண்டில் தோற்றவருக்கு 156 டாலர், சுமார் 13,000 ரூபாய். இரண்டாம் ரவுண்டில் தோற்றால் 258 டாலர். குவாலிஃபையிங்கில் தோற்றவருக்கு ஒரு பைசா கிடையாது. இதில் வரியும் பிடிப்பார்கள்.

இப்போது செலவைப் பாருங்கள். தார்வாட்டிலோ கலபுரகியிலோ ஒரு வாரம் என்றால் ரயில், ஆறு இரவு அறை, சாப்பாடு, என்ட்ரி கட்டணம், ஆட்டோ, கட் எல்லாம் சேர்ந்து எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இருபதாயிரத்தைத் தொடும். பயிற்சியாளர் கூட வந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. மெயின் டிராவில் ஒரு ரவுண்டு ஜெயித்தால்தான் தனி ஆளின் செலவு கிட்டத்தட்ட திரும்பும்.

ஐ.டி.எஃப். 2013-ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தபோது, பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலே ஓர் ஆண் ஆட்டக்காரருக்கு ஆண்டுச் செலவு சராசரி 38,800 டாலர் என்று வந்தது. வரவும் செலவும் சமமாவது ஆண்களில் 336-ஆவது ரேங்கில், பெண்களில் 253-ஆவது ரேங்கில். அதற்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் கைக்காசு போட்டுத்தான் ஆடினார்கள். 2023 செப்டம்பரில் சுமித் நாகல், அப்போது இந்தியாவின் முதல் இடத்தில் இருந்தவர், தன் வங்கிக் கணக்கில் மிச்சம் 900 யூரோ என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் முதல் ரவுண்டில் கஜகஸ்தானின் அலெக்சாண்டர் புப்லிக்கை ஜெயித்தார். 2024 ஜூலையில் அவர் ரேங்க் 68. அந்த ஜனவரி வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றும் நினைப்பு ஓடும்.

2024-இல் ஏ.டி.பி. முதல் 250 ரேங்க்காரர்களுக்குக் குறைந்தபட்ச வருமான உத்தரவாதத் திட்டம் தொடங்கியது: முதல் 100 பேருக்கு 3 லட்சம் டாலர், 101 முதல் 175 வரை 1.5 லட்சம், 176 முதல் 250 வரை 75,000. நல்ல திட்டம். நீங்கள் தொடங்கும் இடத்திலிருந்து அது வெகுதூரம்.

கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொழில் சட்டென்று புரியும். கன்று நட்டுப் பல வருஷம் செலவு மட்டும்தான், அப்புறம் காய்த்தாலும் விலையை நிர்ணயிப்பவர் வேறு ஆள். ஆகவே டூரில் இறங்குவதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து மூன்று ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை எழுதிவையுங்கள். பரிசுப்பணம் பூஜ்யம் என்றே கணக்குப் போடுங்கள். அந்தத் தொகைக்காக நிலத்தை அடமானம் வைக்காதீர்கள், தங்கையின் படிப்புக்கு வைத்ததைத் தொடாதீர்கள். கடன் வட்டியை நினைத்துக்கொண்டு டைபிரேக் ஆடும் பிள்ளைக்குக் கை இறுகிவிடும். நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பணம் எங்கிருந்து வரலாம்? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஊக்கத்திட்டங்கள், 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் ஃபவுண்டேஷன் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் பார்த்து, ரேங்க் பட்டியல் நகலோடு கேளுங்கள். ஓசூரில் டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற பெரிய ஆலைகள் இருக்கின்றன. கம்பெனிச் சட்டத்தின் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) பட்டியலில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் வருகிறது. தனி ஆளுக்கென்று கேட்டால் கடினம், பதிவுபெற்ற அகாடமி அல்லது அறக்கட்டளை வழியாகத் திட்டமாக எழுதிக் கேட்டால் வாய்ப்பு உண்டு. ராக்கெட் கம்பெனிகள் பணம் தருவதற்கு முன் ராக்கெட்டும் கட்டும் தள்ளுபடியில் தருவார்கள், அதுவே பெரிய உதவி.

எல்லா பில்லையும் ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள். பரிசுப்பணம் வரத் தொடங்கியதும் பயணம், பயிற்சி, கட் எல்லாவற்றையும் தொழில் செலவாகக் காட்டுவது பற்றி ஆடிட்டர் வழி சொல்வார்.

7. ஒரு எம்15 வாரம் எப்படிப் போகும்

சனிக்கிழமை காலையிலேயே போய்ச் சேருங்கள். ரெஃப்ரீ மேசையில் பதிவு செய்து, பயிற்சி கோர்ட்டுக்கு நேரம் வாங்க வேண்டும். அரைமணி நேரம்தான் கிடைக்கும், அதையும் நான்கு பேர் பங்கு போடுவார்கள். பந்தைக் கோர்ட்டில் போட்டுவிட்டு வார்ம்அப் செய்ய ஆரம்பித்தால் பாதி நேரம் போய்விடும். கோர்ட்டுக்கு வெளியே கயிறு தாண்டி, உடம்பைச் சூடேற்றிக்கொண்டு உள்ளே நுழையுங்கள்.

ஞாயிறு குவாலிஃபையிங். மூன்றாவது செட் இருக்காது, அதற்குப் பதில், முதலில் பத்து பாயிண்ட் எடுப்பவர் ஜெயிக்கும் பத்து பாயிண்ட் டைபிரேக். அதாவது இரண்டு மணிநேரம் ஆடியதெல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிவாகும். இதைத் தனியாகப் பயிற்சி செய்யாமல் போகிறவர்கள்தான் அதிகம். வாரத்தில் இரண்டு நாள், களைத்துப்போன கடைசி அரைமணியில், பத்து பாயிண்ட் டைபிரேக் மட்டும் ஆட வையுங்கள். பந்து பொறுக்க ஆள் இருக்க மாட்டார்கள். பாயிண்டுக்குப் பாயிண்ட் பந்தைத் தேடி நடப்பதற்குள் கோபம் ஆறவும் செய்யலாம், ஏறவும் செய்யலாம். எதுவாக ஆகும் என்பதும் பயிற்சியில் வருவதுதான்.

குவாலிஃபையிங் கடைசி ரவுண்டில் தோற்றால் லக்கி லூசர் (யாராவது விலகினால் மெயின் டிராவில் நுழையக் காத்திருப்பவர்) பட்டியலில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். டபுள்ஸ் ஜோடியை முன்னாலேயே பேசி வையுங்கள். தோற்ற அன்றே பஸ் ஏறாதீர்கள். மெயின் டிரா ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிக்கு எதிரில் ஆட ஆள் தேவைப்படும். ரெஃப்ரீ மேசை அருகே நின்று கேட்டால் கிடைக்கும். ஆறேழு நூறில் ரேங்க் உள்ள ஒருவரோடு ஒரு மணிநேரம் அடிப்பது, வீட்டுக்கு வந்து அழுவதைவிட மேல்.

கட் விஷயம் ஒன்று. பாலியஸ்டர் ஸ்ட்ரிங் அறுந்துபோகாவிட்டாலும் சில மணிநேர ஆட்டத்தில் உயிர் போய்விடும். 200 மீட்டர் ரீல் ஒன்று வாங்கினால் ஒரு ராக்கெட்டுக்கு 12 மீட்டர் வீதம் பதினாறு முறை போடலாம். பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவதைவிட மலிவு. சொந்தமாகக் கட் போடக் கற்றுக்கொண்டால் டோர்னமென்டில் மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்துச் சாப்பாட்டுச் செலவை எடுக்கலாம்.

8. வெளிநாட்டு வாரங்கள்

இந்தியாவில் ஐ.டி.எஃப். வாரங்கள் வருஷம் முழுக்க இருப்பதில்லை. அப்போது நம்மவர்கள் போகும் இடங்கள் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக், துனீசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டாலியா. அங்கே ஒரே ரிசார்ட்டில் வாரா வாரம் டோர்னமென்ட் நடக்கும். ஒரு விமான டிக்கெட்டில் நான்கு வாரம் ஆடிவிட்டு வரலாம் என்பதுதான் லாபம். ஒரு வாரத்துக்காக மட்டும் போகாதீர்கள். பரிசுத்தொகைக்குப் பக்கத்தில் ஹாஸ்பிடாலிட்டி என்று போட்டிருக்கும் டோர்னமென்ட்களில் மெயின் டிரா ஆட்டக்காரர்களுக்குத் தங்கும் அறை இலவசம். முதலில் அவற்றைத் தேடுங்கள். சின்ன எலக்ட்ரிக் குக்கரும் ராகி மாவும் பையில் இருக்கட்டும். மூன்றாவது வாரத்தில் பாஸ்தாவைப் பார்த்தாலே வயிறு மறுக்கும்.

9. மேட்ச் ஃபிக்ஸிங், மருந்து

பணம் குறைவான இந்த மட்டத்தில்தான் ஃபிக்ஸிங் தரகர்கள் சுற்றுகிறார்கள். "முதல் செட்டை மட்டும் விடு" என்று ஒரு இன்ஸ்டாகிராம் மெசேஜ் வரும், தொகை சாம்பியன் பரிசைவிடப் பெரிதாக இருக்கும். பதில் எழுதாமல் விட்டால் மட்டும் போதாது, டென்னிஸ் நேர்மை அமைப்புக்குத் தெரிவிப்பது கட்டாயம். சொல்லாமல் மறைப்பதும் குற்றம். ஆட்டக்காரர் டென்னிஸில் எந்தப் பந்தயமும் கட்டக்கூடாது, நூறு ரூபாய்க்குக்கூட. அந்த அமைப்பின் ஆன்லைன் பாடத்தை முடித்தால்தான் ஆட விடுவார்கள். பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஜிம்மில் தரும் பவுடர், பெயர் இல்லாத டப்பா லேகியம் எதையும் தொடாதீர்கள். சளி மாத்திரைக்குக்கூட டாக்டரிடம் "டோப் டெஸ்ட் உண்டு" என்று சொல்லி வாங்குங்கள். இரண்டு வருஷத் தடை வந்தால் மூன்று வருஷத் திட்டத்தில் என்ன மிஞ்சும்?

10. டபுள்ஸ்

கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோகன் போபண்ணாவோடு ஆடினார். சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியன் 2017 சென்னை ஓபன் டபுள்ஸ் பட்டத்தை ஜெயித்தார். நல்ல செர்வும் நெட்டில் வேகமான கையும் இருந்து, பேஸ்லைனில் மூன்று மணிநேரம் ஓட உடம்பு இடம் தராதவர்களுக்கு இது முழுத்தொழில். ஆனால் எம்15 டபுள்ஸில் பணம் மிகக் குறைவு, சேலஞ்சர் மட்டத்துக்கு ஏறினால்தான் பிழைக்க முடியும். ஒரே ஜோடியோடு ஒரு சீசன் முழுக்க ஆடுபவர்கள் சீக்கிரம் ஏறுகிறார்கள்.

11. எப்போது நிறுத்துவது, அப்புறம் என்ன

மூன்று ஆண்டுத் திட்டத்தில் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒரு குறி வையுங்கள். என் கணக்கு இது: முதல் ஆண்டில் குவாலிஃபையிங் தாண்டி மெயின் டிராவில் பாயிண்ட் எடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் எம்15 மெயின் டிராவுக்குள் ரேங்கை வைத்தே நேராக நுழைய வேண்டும். மூன்றாம் ஆண்டில் எம்25-இல் தொடர்ந்து காலிறுதி. காயத்தால் போன மாதங்களைக் கழித்துவிடுங்கள். அப்படியும் இரண்டு குறிகள் தவறினால் மறுபடி குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்.

நிறுத்தியவர்களுக்கு வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, வருமான வரித்துறை போன்றவை விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுக்கின்றன. அவற்றுக்கு வயது வரம்பு இருப்பதால் முப்பதை நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள். தேசியப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டிச் சான்றிதழ்களை அன்றன்றே வாங்கி லேமினேட் செய்யாமல் பத்திரப்படுத்துங்கள், சரிபார்ப்பில் அசல் கேட்பார்கள். பயிற்சியாளராக விரும்பினால் ஐ.டி.எஃப். லெவல் 1 சான்றிதழை டூரில் இருக்கும்போதே, காயத்தில் ஓய்வெடுக்கும் வாரங்களில் முடிக்கலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எம்15 மெயின் டிராவில் ஆடிய அனுபவம் உள்ள ஒரு பயிற்சியாளருக்குக் காலை ஆறு மணி பேட்சில் இடம் போதாது.